பாக்கியம் அக்கா தூக்காத கை

இந்த வாரம் எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். தொழிற்சாலையில் இரட்டை ஷிப்டு, கை வலி. அதைவிட முக்கியமான காரணம், இந்தக் கதையில் தப்பு செய்தவன் நான். போன வாரங்களில் அடுத்தவர்கள் செய்த தப்புகளை எழுதியபோது எனக்குக் கை வலித்ததே இல்லை.

பத்திரிகை ஆசிரியர் விடவில்லை. "நீ எழுதலன்னா அந்த இடத்துல மூல வியாதி விளம்பரம் போட்டுருவேன், பரவால்லியா?" என்று கேட்டார். என் படத்துக்குக் கீழே அது வந்தால் என் கல்யாணம் இன்னும் தள்ளிப் போகும். அதனால் எழுதுகிறேன்.

குளிர் மண்டபம்

கோலாலம்பூரில் அந்த மண்டபம் மீன் பெட்டி மாதிரி குளிர்ந்தது. கட்சியின் பேராளர் மாநாடு, கிளைகளின் பிரதிநிதிகள் கூடுவது. எங்கள் கிளையிலிருந்து மூன்று பேர் போயிருந்தோம். கிளைத் தலைவர் ராமையா மாமா, சிம்பாங் அம்பாட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர். கிளைச் செயலாளர் நான். மூன்றாவது ஆள் பாக்கியம் அக்கா.

பாக்கியம் அக்கா புலாவ் செபாங் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர், அதாவது ரப்பர் பால் எடுப்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. புருஷன் தவறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. குளிர் தாங்காமல் துண்டை எடுத்துக் காதை மூடிக் கட்டிக்கொண்டார். வெட்டுக்குப் போகும்போது கட்டுகிற அதே கட்டு. கழுத்தில் பேராளர் அட்டை, தலையில் கொசுவுக்குக் கட்டுகிற துண்டு. அக்கம்பக்கத்துப் பட்டுச் சேலைகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தன.

மேடையில் தீர்மானங்களை வாசித்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொன்றுக்கும் "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார் அவைத் தலைவர். தூக்கினோம். இறக்கினோம். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வகுப்புக்கு அப்புறம் என் கை அவ்வளவு வேலை செய்தது அன்றைக்குத்தான்.

ஒன்பதாவதோ பத்தாவதோ தீர்மானம். தோட்டங்களில் பிறந்து இன்னும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைத் துரிதப்படுத்தும்படி இம்மாநாடு கேட்டுக்கொள்கிறது என்று வாசித்தார்கள். மண்டபம் முழுவதும் கை தூக்கியது. பாக்கியம் அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, தூக்குங்க. இது நல்ல தீர்மானம்" என்றேன்.

"தெரியும். போன வருசமும் நல்ல தீர்மானமாதான் இருந்துச்சு."

"எதிர்ப்பவர்கள்?" என்று அவைத் தலைவர் தாளைப் பார்த்தபடியே கேட்டார். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வது வழக்கம் இல்லை. அவர் அடுத்த பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

பாக்கியம் அக்கா கையைத் தூக்கினார்.

ராமையா மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "டேய் மணியம், கைய எறக்குடா!"

"நான் தூக்கலியே மாமா."

"அவ கையடா! உனக்கு வெளையாட்டா இருக்கா? அவ வாயத் தொறந்தா நம்ம கிளையே போச்சுடா!"

மாமா பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்ல இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

விண்ணப்பப் பாரம் நிரப்பிய விதம்

எங்கள் தோட்டத்தில் கிளை ஆரம்பிக்க ஐம்பது உறுப்பினர் வேண்டும் என்று மாமா சொன்னார். நாற்பத்தொன்பது பேர் கிடைத்தார்கள். அதில் மூன்று பேர் எங்கள் குடும்பம். என்னைச் செயலாளர் ஆக்கியதற்கு என் அரசியல் அறிவு காரணம் இல்லை. படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டவன் என்றாலும் என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்காது. தகுதி அவ்வளவுதான்.

ஐம்பதாவது ஆளைத் தேடி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நடந்தபோது பாக்கியம் அக்கா வாசலில் மங்குத் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கட்சியில சேர்றீங்களா?"

"சேந்தா என்னா கெடைக்கும்?"

"மாநாட்டுக்கு கேஎல் போலாம். பஸ் ஓசி. நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் குடுப்பாங்க."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஐசியை, அடையாள அட்டையைக் கொண்டுவந்தார். குடிமக்களுக்கு நீலம். அவருடையது சிவப்பு. அவர் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர்தான். ஆனால் பிறப்பைப் பதிய அவருடைய அப்பா டவுனுக்குப் போகவில்லை. போனால் ஒரு நாள் வெட்டுக் கூலி போகும். அந்த ஒரு நாளுக்காகப் பெண்ணுக்கு ஆயுள் முழுக்கச் சிவப்பு.

சிவப்பு அட்டைக்காரர்கள் கட்சியில் சேர முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். பாரத்தில் நம்பர் எழுத இடம் இருந்தது. அட்டையின் நகல் ஒட்ட இடம் இருந்தது. அலோர் காஜாவில் ஒரு வெள்ளிக்கிழமை ஐம்பது அட்டைகளையும் போட்டோஸ்டேட் எடுத்தேன். மிஷினிலிருந்து சூடாக வந்த தாள்களை அடுக்கிப் பார்த்தேன். ஐம்பது பேரும் சாம்பல் நிறம். யார் சிவப்பு, யார் நீலம் என்று கடவுளுக்கே டார்ச் லைட் வேண்டும்.

மாமாவுக்கு இது அப்புறம்தான் தெரிந்தது. ரொம்பக் கோபப்பட்டார். கோபம் தீர்ந்ததும் "சரி, யாருக்கும் சொல்லாத" என்றார். முதல் மாநாட்டுக்கு ஒரு பெண் பேராளர் கட்டாயம் வேண்டும் என்றபோது வேறு யாரும் வர ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா வந்தார். சிவப்பு அட்டைத் தீர்மானம் வந்தது. கையை உயரத் தூக்கினார். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சிரித்த முகமாகவே இருந்தார்.

அப்போதே தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்துவிட்டது. லயத்தை இடிப்பார்கள், பதிலுக்கு மலிவு வீடு தருவார்கள். வீட்டுப் பாரம் நீல அட்டைக்காரர்களுக்கு மட்டும். புருஷன் இருந்திருந்தால் அவர் பேரில் கிடைத்திருக்கும். இப்போது அக்காவுக்கு நீல அட்டை கிடைக்கவில்லை என்றால் தலைக்கு மேல் கூரை இல்லை. இரண்டு முறை விண்ணப்பம் போட்டார். இங்கேதான் பிறந்தேன் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று இரண்டும் திரும்பி வந்தன.

சித்தப்பாவின் மூன்று கோடு

அந்த முதல் மாநாட்டுக்கு அப்புறம் பொதுத் தேர்தல் வந்தது. பிரச்சாரம் என்றதும் எனக்கு முதலில் என் சித்தப்பா ஞாபகம்தான் வரும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு தேர்தலில் மூன்று வேட்பாளர்கள். மூன்று பேரும் லயத்துக்கு வந்து சித்தப்பாவைக் கும்பிட்டார்கள். சித்தப்பா ஓட்டுச் சீட்டில் மூன்று பேருக்கும் கோடு போட்டுவிட்டு வந்தார். ஏன் என்று அப்பா கேட்டார். "மூணு பேரும் வீடு தேடி வந்தாங்க. ஒருத்தருக்கு மட்டும் போட்டா மத்தவங்க மனசு நோகாதா?" என்றார் சித்தப்பா. அவரைப் போல மரியாதை தெரிந்த வாக்காளரை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கட்சி வேனில் மைக் பிடித்தவன் நான். எதிர்க்கட்சி வேனில் மைக் பிடித்தவன் சேகர். சேகர் என் கூட்டாளி, என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவன் படிவம் ஐந்து வரை போனான். அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான். காலையில் ஒரே கடையில் ரோட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு அவரவர் வேனில் ஏறிக்கொண்டு ஒருவர் கட்சியை ஒருவர் திட்டுவோம்.

ஒரு நாள் சாப்பிடும்போது சேகர் என் தாளை வாங்கிப் பார்த்தான்.

"என்னாடா இது, என் பேச்சு மாதிரியே இருக்கு?"

"உன் பேச்சுதான் என்னுது மாதிரி இருக்கு."

தாளை மாற்றிக்கொண்டோம். கட்சிப் பேரை மட்டும் மாற்றி வாசிப்பது, எவன் மாட்டிக்கொள்கிறானோ அவன் அடுத்த நாள் பசியாறக் காசு கொடுப்பது என்று பந்தயம். அன்றைக்கு மூன்று தோட்டம், இரண்டு கம்போங் கிராமம், ஒரு டவுன் சுற்றினோம். நான் சேகரின் பேச்சை உருக்கமாகப் பேசினேன். எங்கள் வேட்பாளரே கீழே நின்று கை தட்டினார்.

சாயங்காலம் தோட்டத்துக்கு வந்தபோது பாக்கியம் அக்கா வேனுக்குப் பக்கத்தில் வந்தார்.

"என்னா மணியம், இன்னிக்கு சேகரு பேச்ச பேசுற? தொண்ட சரியில்லன்னு மாத்திக்கிட்டிங்களா?"

கண்டுபிடித்த ஒரே ஆள். அவருக்கு ஓட்டு இல்லை.

முன் வரிசை

தேர்தல் பேச்சுக் கூட்டத்தை எங்கள் பக்கத்தில் செரமா என்போம். அந்தத் தேர்தலில் இரண்டு கட்சியும் நடத்திய ஒரு செரமாவைக்கூட அக்கா விடவில்லை. தமிழில் பேசினாலும் மலாயில் பேசினாலும் முன் வரிசை. புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்கு எதிரே, சிம்பாங் அம்பாட் பாசாரில், பந்து திடலில். மற்றவர்கள் ஓசி மீகூன் சாப்பாடு தீர்ந்ததும் எழுந்து போவார்கள். அக்கா நன்றியுரை வரைக்கும் இருப்பார்.

"என்னாக்கா, அவ்ளோ பிடிக்குமா?"

"செவப்பு அட்டய பத்தி எவனாச்சும் சொல்றானான்னு பாக்குறேன்லா."

இரண்டு பக்கமும் சொன்னார்கள். எங்கள் ஆள் "மாநாட்டில் தீர்மானம் நிறைவேற்றிவிட்டோம்" என்றார். அவர்கள் ஆள் "ஆட்சிக்கு வந்தால் செய்வோம்" என்றார். எப்போது, எந்த அலுவலகத்தில், என்ன தாள் கொண்டுபோக வேண்டும் என்று இருவரும் சொல்லவில்லை. அக்கா காத்திருந்தார். கைதட்டினார்கள். மைக் கீச்சென்று கத்தியது. வாழ்த்துப்பா பாடிவிட்டார்கள்.

ஓட்டுப் போடும் நாளன்று பள்ளிக்கூட வேலிக்கு வெளியே அக்கா நின்றார். உள்ளே போகிற பெண்களெல்லாம் அவரிடம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். யாருக்குப் போடு என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"இவரு மூணு சொன்னாரு. அதுல ரெண்டு போன தேர்தல்லயும் சொன்னதுதான். அவரு அஞ்சு சொன்னாரு, ஒண்ணுக்கும் எப்பன்னு சொல்லல. பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். எங்கள் இரண்டு வேனும் பெட்ரோல் எரித்துச் சொல்லாததை அந்த வேலியோரத்தில் அவர் சும்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து மணி வாக்கில் என்னைக் கேட்டார். "நீ போட்டுட்டியா?"

"நான் பதிஞ்சிக்கலக்கா."

"என்னாது?"

"வாக்காளரா பதியணும். மேச போட்டிருந்தாங்க. அன்னிக்குப் பந்து வெளையாட்டு."

ஆயிரம் பேரை ஓட்டுப் போடச் சொல்லி மைக்கில் கத்தியவன் நான்.

"ஐசி நீலந்தான?"

"ஆமாக்கா."

"காட்டு."

எடுத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சேலைத் தலைப்பில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பத்திரமா வச்சிக்க. மழயில நனஞ்சிரப் போவுது" என்றார்.

அன்றைக்கு வெயில் கொளுத்தியது.

மறுபடியும் மண்டபம்

அப்படிப்பட்டவர்தான் இரண்டாவது மாநாட்டில், அந்தக் குளிர் மண்டபத்தில், கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவைத் தலைவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். யாரோ மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ராமையா மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"வணக்கங்க. நான் பாக்கியம். புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டம். இந்தத் தீர்மானத்த போன வருசமும் படிச்சிங்க. கை தூக்கினேன். இந்த வருசமும் அதே எழுத்து. மொத தடவ தூக்கின கைக்கு என்னா ஆச்சுன்னு சொல்லுங்க. அப்புறம் தூக்குறேன்."

"அம்மா, இது சிவப்பு அட்டை வச்சிருக்கிற ஏழை சனங்களுக்காக நாம போடுற தீர்மானம். அவங்களுக்கு நல்லது நடக்கிறதை நீங்க எதிர்க்கலாமா?" என்றார் அவைத் தலைவர்.

"நாந்தாங்க அந்தச் சனம்."

அவைத் தலைவர் தாளைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா… நீங்க எப்படிப் பேராளர் ஆனீங்க?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும், நான் காலி. அவர் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாரத்துல நம்பர் கேட்டிங்க, எழுதினோம். கலரு கேக்கலிங்களே."

பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. பட்டுச் சேலைகள்கூடச் சிரித்தன. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார். "சகோதரியின் உணர்வுகளைக் கட்சி மதிக்கிறது" என்றார் அவைத் தலைவர். மைக்கை வாங்கிக்கொண்டார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று அறிவித்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தொண்டர் வந்து, ரொம்ப மரியாதையாக, அக்காவின் கழுத்திலிருந்து பேராளர் அட்டையைக் கழற்றிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. அக்காவின் உறுப்பியம் ரத்து, செயலாளர் பதவியிலிருந்து நான் நீக்கம். அதற்கடுத்த வருடம் கட்சியின் பாரத்தில் புதிதாக ஒரு கட்டம் வந்தது: அடையாள அட்டையின் நிறம். எனக்குத் தெரிந்து, அந்த மாநாட்டில் பேசிய ஒரு விஷயம் நிறைவேறியது என்றால் அது இதுதான்.

பழைய பதிவேடு

என்னை ஏன் காட்டிக் கொடுக்கவில்லை என்று அக்காவிடம் கேட்டேன்.

"உன்ன மாட்டி வுட்டா எனக்கு நீலம் குடுப்பாங்களா? பேசாம உருப்படியா ஒரு வேல செய்யி. இங்கதான் பொறந்தேன்னு ஒரு தாளு கண்டுபுடி."

வேலையே இல்லாத அந்தப் பதவியும் போன பின்பு எனக்கு நேரம் இருந்தது. சேகரையும் இழுத்துக்கொண்டேன். அக்கா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர் என்று பேச்சுவாக்கில் சொன்னார். இரண்டு சனிக்கிழமை தலைமையாசிரியையின் அலமாரியைக் குடைந்தோம். பூச்சி அரித்த தாள், தும்மல், கரப்பான். மூன்றாவது சனிக்கிழமை சேகர் சத்தம் போட்டான். சேர்க்கைப் பதிவேட்டில் நீல மையில் பாக்கியம், அப்பா பேர், பிறந்த தேதி. பிறந்த இடம் என்ற பத்தியில் இதே தோட்டத்தின் பேர்.

தலைமையாசிரியை முத்திரை வைத்துச் சான்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். இந்த முறை சேகர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தான். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ரொம்ப நாள் கழித்து மலாக்காவில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அங்கேதான் பலர் விழுவார்கள். மலாயில் கேட்பார்கள், மலாயில் பதில் சொல்ல வேண்டும். தோட்டத்திலேயே கிடந்தவர்களுக்குப் பாசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சுதான் வரும். மீன் வாங்கப் போதும், குடியுரிமை வாங்கப் போதாது. பஸ்ஸில் போகும்போது அக்காவுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நான் உட்கார்ந்தேன். உள்ளே இளம் வயது மலாய் அதிகாரி. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார். அக்கா எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"துவான்-துவான் டான் புவான்-புவான் யாங் சாயா ஹோர்மாத்தி செக்காலியான்!"

அறையில் அந்த அதிகாரி ஒருத்தர்தான் இருந்தார். மரியாதைக்குரிய சீமான்களே, சீமாட்டிகளே என்று அவர் ஒருத்தரைப் பார்த்து ஆரம்பித்து, தோட்டத்தில் பிறந்தது, மரம் வெட்டியது, நாட்டின் வளர்ச்சிக்குப் பாடுபட்டது, எல்லா இனமும் ஒற்றுமையாக வாழ்வது என்று அக்கா போய்க்கொண்டே இருந்தார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும், எங்கே விரலை ஆட்ட வேண்டும், எல்லாம் அப்படியே செரமா. முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டது ஒன்றும் வீண் போகவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில், மலாயில் அத்தை என்கிற மாதிரி, "மக்சிக், இவ்வளவு நல்ல மலாய் எங்கே படிச்சீங்க?" என்று கேட்டார்.

"தேர்தல்ல" என்றார் அக்கா, மலாயில்.

பிரச்சாரக் கூட்டங்களால் மக்களுக்கு நன்மை உண்டா என்று பத்திரிகைகளில் பட்டிமன்றம் மாதிரி எழுதுகிறார்கள். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று அதைக் கேட்டு முடிவு செய்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. என் பேச்சைக் கேட்டு ஒருவர் முடிவு செய்திருந்தால் அவரிடம் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். நன்மை அடைந்த ஓர் ஆளை மட்டும் எனக்குத் தெரியும்.

ஆனால் நன்றாகப் பேசினால் அட்டை வந்துவிடுமா? மாதங்கள் போயின. தோட்ட விற்பனை இழுத்துக்கொண்டே போனது, அதனால் வீட்டுப் பாரம் கொடுக்கும் நாளும் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் அந்த நாளையும் குறித்துவிட்டார்கள். அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, அதே நாள் காலையில் மலாக்காவுக்கு வரச்சொல்லி அக்காவுக்குக் கடிதம் வந்தது. எதற்கு என்று அதில் இல்லை. எனக்கு செங் தொழிற்பேட்டையில் ஷிப்டு, லீவு கிடைக்கவில்லை. சேகர்தான் மோட்டாரில் அக்காவை ஏற்றிக்கொண்டு போனான்.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் கேட்டுக்கு ஓடினேன். வெளியே சேகர் மோட்டாரில் சாய்ந்துகொண்டு தனியாக நின்றான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை.

"டேய், என்னாடா ஆச்சு? அக்கா எங்க? என்னா சொன்னாங்க?"

"நீலம்டா, வீட்டுப் பாரத்த குடுக்க லைன்ல நிக்கிறாங்க, அடுத்த தேர்தல்ல யாருக்குக்கா ஓட்டுன்னு கேட்டேன், ரெண்டு கட்சிக்காரங்களையும் வரச் சொல்லு, இந்த தடவ நான் பேசுறேன், அவங்க ஒக்காந்து கேக்கட்டும்னாங்க."